136 வருஷம் சோதிக்கப்படாத டிஸ்க்

காலை பத்து மணிக்கு லினக்ஸ் சிடியைப் போட்டு, பத்தரைக்கு இன்ஸ்டால் செய்து முடித்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கிடுகிடுவென்று ஓடுகின்றன. திடீரென்று ஒரு வரியில் வந்து நிற்கிறது. 'இந்த டிஸ்க் 49,710 நாட்களாகச் சோதிக்கப்படவில்லை. கட்டாயச் சோதனை!'

49,710 நாளை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். 136 வருஷம் வரும். 2006-ல் ஒருவருக்கு இந்தச் செய்தி வந்தது என்றால், அவருடைய டிஸ்க்கைக் கடைசியாக யாரோ 1870-ல் சோதித்திருக்க வேண்டும். மெட்ராஸில் மின்சார ட்ராம் ஓட ஆரம்பித்ததே 1895-ல்தான்!

2000-களில் லினக்ஸ் பழகியவர்களில் பல பேர் இந்த வரியைப் பார்த்து முழித்திருக்கிறார்கள். ஊர் வேறு, கம்ப்யூட்டர் வேறு, டிஸ்க் வேறு. எண் மட்டும் அதே 49,710. 'டிஸ்க் போச்சு' என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் டிஸ்க் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. குற்றவாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரம்.

கடிகாரத்துக்கும் டிஸ்க் சோதனைக்கும் என்ன சம்பந்தம்? மணி தப்பாக இருந்தால் டிஸ்க்கை ஏன் சந்தேகிக்க வேண்டும்? இதற்குப் பதில் தெரிய, மூன்று ஊர்களுக்குப் போக வேண்டும். நியூஜெர்சி, ஃப்ளோரிடா, ஹெல்சிங்கி. மூன்று ஊர்களில், வெவ்வேறு காலத்தில், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் சிலர் எடுத்த நியாயமான முடிவுகள், கடைசியில் ஒரே பெட்டிக்குள் வந்து மோதிக்கொண்ட கதை இது.

★

முதலில் நியூஜெர்சி. 1969-ல் அங்கே பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்க ஆரம்பித்தார்கள். லினக்ஸுக்குப் பாட்டன் அதுதான்.

ஒரு ஃபைல் எப்போது எழுதப்பட்டது என்று குறித்துவைக்க, யூனிக்ஸுக்கு நேரம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 60 தடவை துடிக்கிறது. அதையே எண்ணிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1971 ஜனவரி 1-ம் தேதி நள்ளிரவிலிருந்து எத்தனை 'அறுபதில் ஒரு பங்கு விநாடி' கடந்திருக்கிறது என்பதுதான் நேரம். அதைப் போட்டுவைக்க 32 பிட் கொண்ட ஒரு எண்.

கணக்கு போட்டால் கதை கந்தல். அந்த எண் இரண்டேகால் வருஷத்தில் நிரம்பிவிடும்! தொடக்கத் தேதியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. கடைசியில் முழு விநாடிகளை மட்டும் எண்ணுவது, 1970 ஜனவரி 1-லிருந்து ஆரம்பிப்பது என்று முடிவானது. இன்றுவரை உலகத்தில் இருக்கும் யூனிக்ஸ், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் பிறந்த தேதி.

இதில் ஒரு முக்கியமான விஷயம். எண்ணுவது உள்ளூர் நேரத்தை அல்ல, கிரீன்விச் நேரத்தை. இந்த ஊரில் மணி பத்து, அந்த ஊரில் நாலரை என்ற குழப்பமெல்லாம் வேண்டாம். உள்ளே ஒரே கணக்கு. திரையில் காட்டும்போது மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக் காட்டினால் போதும்.

அப்படி மாற்றுவதற்கு ஒவ்வொரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன சரித்திரப் புத்தகமே இருக்கிறது. எந்த ஊரில், எந்த வருஷம், கடிகாரம் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்ற பட்டியல். இந்தியாவுக்கான பக்கத்தைத் திறந்தால் நமக்கு ஓர் ஆச்சரியம். 1906-க்குச் சற்று முன்பான ஒரு தேதியைக் கொடுத்து நேரம் கேட்டால், அது ஐந்தரை மணி வித்தியாசத்தைக் காட்டாது. 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று காட்டும். அது 'மெட்ராஸ் நேரம்'! நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தை வைத்துக் கணக்கிட்ட நேரம். இந்திய ரயில்கள் பல காலம் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1-ம் தேதி இப்போதைய இந்திய நேரம் வந்தது. ரயில்கள் மறந்துவிட்டன, நாம் மறந்துவிட்டோம். லினக்ஸ் ஞாபகம் வைத்திருக்கிறது.

★

நியூஜெர்சிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, கரண்ட் கட்.

டிஸ்க் என்பது மெதுவான ஆசாமி. அதனால் நீங்கள் எழுதச் சொன்னதை யூனிக்ஸ் உடனே டிஸ்க்கில் எழுதாது. கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்து, 30 விநாடிக்கு ஒருதரம் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால்?

ஒரு பெரிய கிடங்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே சரக்கு, வாசலில் பேரேடு. எந்த மூட்டை எந்த மூலையில், எந்த மூலை காலி என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். கணக்கப்பிள்ளை பாதி வரி எழுதும்போது மயங்கி விழுந்துவிட்டார். இப்போது மூட்டை ஒன்று உள்ளே இருக்கிறது, பேரேட்டில் இல்லை. காலி என்று எழுதிய மூலையில் சரக்கு இருக்கிறது. இதைக் கவனிக்காமல் புதுச் சரக்கை இறக்கினால், பழைய சரக்கின் தலையில்தான் விழும். ஒரு தப்பு பத்தாகும். நம் ஃபைலைக் கொல்வது பெரும்பாலும் முதல் விபத்து அல்ல. விபத்தைக் கவனிக்காமல் தொடர்ந்து எழுதுவதுதான்.

ஆரம்பத்தில் இதைச் சரிபார்க்கத் தனித்தனிச் சின்ன புரோகிராம்கள் இருந்தன. அவற்றை இயக்கி, வரும் விடையைப் படித்து, கையால் திருத்த விவரம் தெரிந்த ஆள் வேண்டும். 1970-களில் டெட் கோவால்ஸ்கி என்பவர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி எழுதியதுதான் 'எஃப்.எஸ்.சி.கே' என்ற புரோகிராம். ஐந்து கட்டமாக முழுக் கிடங்கையும் எண்ணும். பேரேட்டையும் சரக்கையும் ஒப்பிடும். சொந்தக்காரர் பெயர் தெரியாத மூட்டைகளைத் தூக்கி எறியாது. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று ஒரு மூலையில், பெயருக்குப் பதில் எண் ஒட்டி அடுக்கிவைக்கும். ரயில்வே ஸ்டேஷனில் கேட்பாரற்ற பெட்டிகள் இருக்குமே, அது மாதிரி.

இந்தக் கட்டம்வரை டிஸ்க் சோதனைக்கும் கடிகாரத்துக்கும் எந்த உறவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

★

அடுத்து ஃப்ளோரிடா. ஐபிஎம்மின் குட்டிக் கம்ப்யூட்டரான பி.சி., 1981-ல் அங்கேதான் பிறந்தது. அதில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆன் செய்ததும், 'இன்றைக்கு என்ன தேதி? மணி என்ன?' என்று கேட்கும். ஆபீஸில் எத்தனை பேர் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள்? பேசாமல் என்ட்டரைத் தட்டிவிட்டுப் போனால், எல்லா ஃபைலும் 1980 ஜனவரி 1-ம் தேதி எழுதியதாகப் பதிவாகும்.

1984-ல் ஐபிஎம் அடுத்த மாடலான 'ஏ.டி.' கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது, உள்ளே மோட்டோரோலாவின் ஒரு சில்லை வைத்தார்கள். கூடவே ஒரு பேட்டரி. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு ஒன்று அந்தச் சில்லை ஓட்டும். கைக்கடிகாரத்தில் இருப்பதும் அதே அதிர்வுதான். மின்சாரத்தை நிறுத்தினாலும் பேட்டரியில் மணி ஓடிக்கொண்டே இருக்கும்.

அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் சில்லில் ஒரு விஷயத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. விநாடி, நிமிடம், மணி, நாள், மாதம், இரண்டு இலக்கத்தில் வருஷம், அவ்வளவுதான். 'இது எந்த ஊர் மணி?' என்று எழுதிவைக்க ஒரு பொட்டு இடம்கூடக் கிடையாது.

அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. டாஸ் ஓடும் ஆபீஸ் கம்ப்யூட்டர், சுவர்க் கடிகாரத்தில் என்ன மணியோ அதைக் காட்டினால் போதும். அந்தப் பழக்கத்தை விண்டோஸும் அப்படியே பிடித்துக்கொண்டது. மதர்போர்டில் இருப்பது உள்ளூர் மணி என்பது அதன் நம்பிக்கை.

★

கடைசியாக ஹெல்சிங்கி. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், யூனிக்ஸ் போன்ற ஒன்றைச் சாதாரண பி.சி.யில் ஓடவைத்தார். நியூஜெர்சி மூளை, ஃப்ளோரிடா உடம்பு. கல்யாணம் முடிந்தது, ஜாதகம் யாரும் பார்க்கவில்லை.

மூளை, 'நேரம் என்றால் கிரீன்விச்' என்கிறது. உடம்பில் இருக்கும் கடிகாரம் உள்ளூர் மணியை வைத்திருக்கிறது. எது என்று எழுதிவைக்க இடமும் இல்லை. வேறு வழியில்லாமல் லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது நம்மையே கேட்டார்கள். 'உங்கள் கடிகாரம் யூ.டி.சி.யில் இருக்கிறதா?' கேள்வி புரியாமல் ஒரு டிக் அடித்துவிட்டு, அல்லது அடிக்காமல், அடுத்த பக்கம் போனவர்கள்தான் அதிகம்.

1993-ல் ரெமி கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் முன்னின்று, லினக்ஸுக்காக எக்ஸ்ட்2 என்ற டிஸ்க் அமைப்பை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும் ஒரு ஜாதகக் கட்டம் உண்டு. பெயர் சூப்பர் பிளாக். 'கடந்த தடவை ஒழுங்காக மூடினார்களா?' என்பது அதில் ஒரு குறிப்பு. ஒழுங்காக மூடியிருந்தால் சோதனை வேண்டாம், இல்லையென்றால் உண்டு.

அதோடு விட்டிருந்தால் நம் கதையே இல்லை. ஆனால் எழுதியவர்கள் உஷார் பேர்வழிகள். பி.சி. என்பது மலிவான சரக்கு. கேபிள் தளர்ந்திருக்கலாம், மெமரி கெட்டிருக்கலாம், கர்னலிலேயே ஓட்டை இருக்கலாம். ஒழுங்காக மூடிய டிஸ்க்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கலாம். எனவே, டிஸ்க்கை இருபது தடவையோ சற்றுக் கூடுதலாகவோ திறந்தாலும் சரி, கடைசிச் சோதனைக்குப் பிறகு 180 நாள் ஆனாலும் சரி, கட்டாயச் சோதனை என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். சர்க்கரை இல்லாதவரும் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது போல.

180 நாளை எதை வைத்துக் கணக்கிடுவது? கடிகாரத்தை வைத்துத்தான். டிஸ்க்கும் கடிகாரமும் சந்தித்த இடம் இது.

★

இப்போது அந்தக் காலைப் பத்து மணிக்குத் திரும்புவோம்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். மதர்போர்டு கடிகாரத்தில் மணி பத்து, அதாவது இந்திய நேரம். லினக்ஸ் இன்ஸ்டாலர் எழுந்து, 'ஓகோ, கிரீன்விச்சில் மணி பத்து' என்று எடுத்துக்கொள்கிறது. டிஸ்க்கை ஃபார்மட் செய்து, 'கடைசிச் சோதனை: கிரீன்விச் மணி பத்து' என்று ஜாதகத்தில் எழுதிவிடுகிறது. அந்த நேரம் இன்னும் வரவே இல்லை. நம் ஊரில் பிற்பகல் மூன்றரைக்குத்தான் வரும்.

பத்தரைக்கு மறுபடி பூட் ஆகிறது. இப்போது கடிகாரம் உள்ளூர் மணியில் இருப்பது தெரிந்துவிட்டது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, 'கிரீன்விச் மணி ஐந்து' என்று சரியாகப் புரிந்துகொள்கிறது. சோதனை செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று? ஐந்திலிருந்து பத்தைக் கழி. மைனஸ் ஐந்து மணி. மைனஸ் 18,000 விநாடி.

அந்தக் கணக்கைப் போட்ட புரோகிராமுக்கு மைனஸ் தெரியாது. பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஞாபகம் இருக்கிறதா? 00000-ல் இருக்கும்போது பின்னோக்கி ஒரு பல் சுற்றினால் 99999 ஆகிவிடும். அதே கதை. 32 பிட் மீட்டரில் பூஜ்யத்திலிருந்து 18,000 பின்னால் போனால் 4,294,949,296 விநாடி. நாளாக மாற்றினால் 49,710. யாரோ டிஸ்க்கில் எழுதிவைத்த எண் இல்லை அது. மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்ற எடுக்கும் காலம். அதனால்தான் ஊர் ஊராக அதே எண்.

அமெரிக்காவில் இதே கோளாறு தலைகீழாக வந்தது. அங்கே உள்ளூர் மணி கிரீன்விச்சுக்குப் பின்னால் இருக்கிறது. எனவே பூட் ஆகும் முதல் சில விநாடிகளில் லினக்ஸ் பல மணி நேரம் பழைய காலத்தில் இருக்கும். பிறகு சரியாகும். நேரம் சரியான பின் எழுதிய குறிப்பை, அடுத்த பூட்டின்போது சரியாகாத கடிகாரத்தோடு ஒப்பிட்டால், 'டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்த நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது' என்று புகார். சில வருஷங்களில் வந்த வெர்ஷன்கள் இந்தப் புகாரோடு நின்றுவிடும். 'நீயே கையால் சரிசெய், ரூட் பாஸ்வேர்டைக் கொடு' என்று கறுப்புத் திரையில் கைவிரிக்கும்.

மதர்போர்டில் பேட்டரி செத்துவிட்டால் எந்த ஊரானாலும் இதே வியாதி. ஐம்பது பைசா அளவில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கிறதே, அதுதான். அது போனால் கடிகாரம் 1980-க்கோ 2000-க்கோ ஓடிவிடும். டிஸ்க்கில் இருக்கும் எல்லாத் தேதியும் எதிர்காலமாகிவிடும். சில ரூபாய் பேட்டரிக்காக, நல்ல டிஸ்க்கின் மேல் பழி!

அந்த நிமிஷத்தில்தான் நிஜ ஆபத்து இருக்கிறது. பயந்துபோய் மறுபடி ஃபார்மட் செய்தால், கெடாத டிஸ்க்கில் இருந்த கல்யாண போட்டோவும் கணக்கு வழக்கும் காலி. எதற்கெடுத்தாலும் 'ஒய்' தட்டிப் பழகினாலும் ஆபத்து. ஒருநாள் புகார் நிஜமாக இருக்கும்போதும் அதே விரல் அதையே தட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் சோதனையை ஏவுவது எல்லாவற்றையும்விட மோசம். கிடங்கில் சரக்கு ஏறி இறங்கும்போது பேரேட்டைத் திருத்துவது மாதிரி.

புகாரில் 'எதிர்காலம்', '49,710' போன்ற வார்த்தைகள் இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரியைப் பாருங்கள். கடிகாரம் கிரீன்விச்சா, உள்ளூரா என்ற அமைப்பைப் பாருங்கள். 'படிக்க முடியவில்லை' என்று டிஸ்க்கே முனகினால் அது வேறு வியாதி. அப்போது திருத்துவது இரண்டாவது வேலை, இருப்பதை வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை.

★

பிறகு என்ன ஆயிற்று?

ஸ்டீபன் ட்வீடி என்பவர் உருவாக்கிய எக்ஸ்ட்3, 2001 நவம்பரில் கர்னலுக்குள் வந்தது. அதில் ஒரு 'ஜர்னல்' உண்டு. பேரேட்டில் கை வைக்கும் முன் குறிப்பு நோட்டில் எழுதிவைப்பது. கணக்கப்பிள்ளை மயங்கி விழுந்தாலும் நோட்டைப் பார்த்துச் சில விநாடிகளில் சரிசெய்துவிடலாம். மணிக்கணக்கில் கிடங்கை எண்ண வேண்டாம்.

சோதனைப் புரோகிராமைப் பல வருஷங்களாகக் கவனித்துவந்த தியோடர் ட்ஸோ, கடிகாரத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு ஒரு சமரசத்துக்கு வந்தார். தேதி 24 மணி நேரத்துக்குள் முன்னால் இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். பூமியில் எந்த ஊருக்கும் கிரீன்விச்சுக்கும் இருக்கும் வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடுமே! 2011-ல் வந்த 1.42 வெர்ஷனில், புதிதாக உருவாக்கும் டிஸ்க்குகளுக்கு அந்த 180 நாள் வழக்கத்தையும் இருபது தடவை வழக்கத்தையும் தானாகப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வேடிக்கை பாருங்கள். 2012-ல் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வந்தது. விலையைக் குறைக்க அதில் கடிகாரப் பேட்டரியை வைக்கவில்லை. 1981-க்கே திரும்பியாயிற்று! அதற்காக ஒரு குட்டி புரோகிராம் எழுதினார்கள். கம்ப்யூட்டரை மூடும்போது மணியை ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். திறக்கும்போது அந்த மணியிலிருந்தே ஆரம்பிக்கும். சரியான மணி அல்ல. ஆனால் காலம் பின்னால் போகாது. டிஸ்க்கின் நிம்மதிக்கு அது போதும். 2023-ல் வந்த ஐந்தாவது மாடலில்தான் கடிகாரத்துக்கும் பேட்டரிக்கும் இடம் கொடுத்தார்கள்.

யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அம்சம். கிரீன்விச்சில் எண்ணியது சரி. ஆபீஸ் மணியை வைத்தது சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்ததும் சரி. மூன்று சரிகள் சேர்ந்து ஒரு தப்பைப் பெற்றெடுத்தன.

இன்னொரு சுற்றும் பாக்கி இருக்கிறது. 1970-லிருந்து விநாடி எண்ணும் அந்தப் பழைய மீட்டரில், பிளஸ் மைனஸ் இரண்டும் காட்டும் 32 பிட் ரகம், 2038 ஜனவரி 19-ம் தேதி, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். அடுத்த விநாடி அது 1901-க்குத் தாவும். 64 பிட் கம்ப்யூட்டர்களுக்குப் பிரச்னை இல்லை. 32 பிட் கர்னலையும் 2020-ல் வந்த 5.6 வெர்ஷன் தயார்படுத்திவிட்டது. ஆனால் எங்கோ ஒரு தொழிற்சாலைச் சுவரில், மாற்ற மறந்த ஒரு பழைய பெட்டி ஓடிக்கொண்டிருக்கலாம்.

அன்று காலை அது தன் டிஸ்க்கைப் பற்றி என்ன புகார் சொன்னாலும், முதலில் மணியைப் பாருங்கள்.